குப்பையா, எருவா?

காலையில் நம் தெருவுக்குக் குப்பை வண்டி வருகிறது. நேற்றைய சோறு, வெங்காயத் தோல், முருங்கைச் சக்கை, வாழைப்பழத் தோல், டீத்தூள் சக்கை எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டுகிறோம். அதே பையில் உடைந்த பல்பு, பால் உறை, பழைய சவர பிளேடு! வண்டியில் போட்டுவிட்டுத் திரும்புகிறோம். அத்துடன் நம் கடமை முடிந்தது என்று எண்ணுகிறோம்.

முடிந்ததா தோழர்களே? இல்லை. அந்தப் பையின் கதை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. அந்தக் கதையில் ஒரு தொழிலாளியின் கை அறுபடுகிறது. ஓர் ஊரின் கிணற்று நீர் கெடுகிறது. ஒரு விவசாயியின் நிலம் பட்டினி கிடக்கிறது. எங்கோ ஒரு கம்பெனிக்காரனின் கல்லாப்பெட்டி நிறைகிறது.

“கூலி உயர்வு, விலைவாசி, வேலையின்மை என்று எழுத வேண்டிய பக்கத்தில் குப்பையைப் பற்றியா எழுதுவது?” என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். ஆம், குப்பையைப் பற்றித்தான் எழுதுகிறோம். கூலியும் விலைவாசியும் வேலையும் இந்தக் குப்பைக்குள் புதைந்து கிடப்பதால் எழுதுகிறோம்.

மண்ணிலிருந்து எடுத்ததை மண்ணுக்குத் தராத முறை

நெல்லும் காய்கறியும் வளரும்போது மண்ணிலிருந்து சத்தை எடுக்கின்றன. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்று நம் விவசாயி மூன்றாகப் பிரித்துச் சொல்வது அதைத்தான். கிராமத்தில் விளைந்ததைக் கிராமத்தார் உண்டு, மிச்சத்தை மாடு தின்று, சாணமும் சாம்பலும் எருக்குழிக்குப் போய், கோடையில் வண்டியேறி வயலுக்குத் திரும்பிய காலத்தில் மண் எடுத்துக் கொடுத்தது மண்ணுக்கே வந்து சேர்ந்தது. கழுநீர்ப் பானை இல்லாத வீடு அன்று கிடையாது. ஆட்டுக்கிடை போடுவதும், ஆவாரை, எருக்கு, புங்கந் தழையை வெட்டிச் சேற்றில் மிதிப்பதும் எந்தக் கல்லூரியிலும் படித்து வந்த வித்தையல்ல. உழுவதைவிட எருவிடுவது நன்று என்று வள்ளுவரே உழவு அதிகாரத்தில் வரிசைப்படுத்திச் சொல்லியிருக்கிறார்.

நகரம் வளர்ந்தது. விளைச்சல் லாரியேறி நகரத்துக்கு வந்தது. மிச்சம் மட்டும் திரும்பிப் போகவில்லை. போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் ஏரியிலும் சதுப்பிலும் குவிந்தது.

இந்த முறிவை முதலில் கண்டவர்களில் ஒருவர் காரல் மார்க்ஸ். ஜெர்மானிய இரசாயன விஞ்ஞானி லீபிக்கின் ஆராய்ச்சிகளைப் படித்துவிட்டு, 1867-இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதல் பாகத்தில் அவர் இதை விளக்கினார். முதலாளித்துவம் மக்களைப் பெருநகரங்களில் குவிக்கிறது. அதனால் மனிதனுக்கும் மண்ணுக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கல் அறுபடுகிறது. தொழிலாளியைக் கொள்ளையடிக்கும் அதே முறை மண்ணையும் கொள்ளையடிக்கிறது என்பது அவர் காட்டிய உண்மை. எங்கெல்ஸ் 1894-இல் பதிப்பித்த மூன்றாம் பாகத்தில் இலண்டன் நகரத்து உதாரணமே வருகிறது. நாற்பத்தைந்து இலட்சம் மக்களின் கழிவை வயலுக்கு அனுப்ப வகையறியாமல், பெருஞ்செலவு செய்து தேம்ஸ் நதியைக் கெடுத்துக்கொண்டிருந்தார்கள் என்று அங்கே இடித்துரைக்கிறார் மார்க்ஸ். இலண்டனுக்குப் பதில் சென்னை, தேம்ஸுக்குப் பதில் கூவம் என்று மாற்றிப் படியுங்கள். ஓர் எழுத்தையும் திருத்த வேண்டியிராது!

சொந்த மண்ணின் சத்தைக் கடலில் கொட்டிய ஐரோப்பா, இழந்ததை ஈடுகட்ட என்ன செய்தது? பெரு நாட்டுத் தீவுகளில் குவிந்திருந்த பறவை எச்சத்தைக் கப்பல் கப்பலாக வாரிக்கொண்டு போனது. பாலைவனத்து வெடியுப்புக்காக 1879 முதல் 1884 வரை சிலி ஒருபுறமும் பெருவும் பொலிவியாவும் மறுபுறமும் நின்று போரிட்டன. பிறகு 1909-இல் ஹேபர் என்ற விஞ்ஞானி காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து அம்மோனியா ஆக்கும் வழியைச் செய்து காட்டினார். 1913-இல் ஜெர்மனியின் ஓப்பாவ் நகரில் அதற்கென ஆலை எழுந்தது. அடுத்த ஆண்டே உலக யுத்தம். உரத்துக்கென்று கண்டுபிடித்த அம்மோனியா வெடிமருந்துக்குப் போயிற்று. உர மூட்டைக்குப் பின்னால் இத்தனை சரித்திரம் இருக்கிறது.

இரசாயன உரம் நம் எதிரியா?

நம் நாட்டில் முதல் உரத் தொழிற்சாலை எங்கே தோன்றியது தெரியுமா? நம் இராணிப்பேட்டையில், 1906-இல், சூப்பர் பாஸ்பேட் செய்வதற்காகத் தோன்றியது. சுதந்திரத்துக்குப் பின் 1951-இல் சிந்திரியில் பொதுத்துறை ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. 1960-களின் நடுவில் புதிய குட்டை ரக நெல்லும் கோதுமையும் வந்தபோது உரத்தின் தேவை பன்மடங்கு பெருகியது. அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த நாடு, சொந்தக் காலில் நின்றது. இதில் யூரியாவுக்குப் பங்கு இருக்கிறது. அதை மறுப்பது நன்றிகெட்ட பேச்சு. உரத் தொழிற்சாலையில் வியர்வை சிந்துகிறவனும் நம் தோழன்தான்.

ஆனால் நாணயத்துக்கு மறுபக்கம் உண்டு. யூரியா செய்ய இயற்கை எரிவாயு வேண்டும். அதில் பெரும்பகுதி கப்பலில் வருகிறது. சாம்பல்சத்துக்கான பொட்டாஷ் முழுவதும் வெளிநாட்டிலிருந்து வருகிறது. 2023-24-இல் உள்நாட்டில் ஏறத்தாழ 314 இலட்சம் டன் யூரியா செய்தும், மேலும் 70 இலட்சம் டன் அளவுக்கு இறக்குமதி செய்ய வேண்டியிருந்தது. 2022-இல் உக்ரைனில் யுத்தம் மூண்டதும் உலகச் சந்தையில் உர விலை எகிறியது. 2022-23-இல் மட்டும் மத்திய அரசாங்கம் உர மானியத்துக்காகச் செலவிட்ட தொகை சுமார் 2½ இலட்சம் கோடி ரூபாய்! மானியம் வேண்டும், அது விவசாயியின் உரிமை, அதைக் குறைக்க வந்தால் எதிர்ப்போம். ஆனால் அந்தப் பணத்தில் எவ்வளவு நம் உழவனிடம் தங்குகிறது, எவ்வளவு எரிவாயு வியாபாரிக்கும் அந்நிய ஏகபோகத்துக்கும் போகிறது என்று கேட்காமலிருக்க முடியுமா?

இன்னொன்று. 2018 முதல் 45 கிலோ யூரியா மூட்டையின் விலையை, வேப்பெண்ணெய்ப் பூச்சுச் செலவும் வரியும் நீங்கலாக, 242 ரூபாய் என்று வைத்திருக்கிறார்கள். மற்ற உரங்களோ பலமடங்கு விலை. டி.ஏ.பி. மூட்டை 1,350 ரூபாய். மலிவானதை அள்ளிப் போடத்தானே தோன்றும்? அப்படிப் போட்ட தழைச்சத்தில், நெல் வயலில் பயிர் எடுத்துக்கொள்வது மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும். மிச்சம் காற்றில் போகிறது. கிணற்று நீரில் நைட்ரேட்டாக இறங்குகிறது. மண்ணில் மக்கு குறைந்திருந்தால் இந்த நஷ்டம் இன்னும் அதிகம். மக்கு இல்லாத மண் ஓட்டைப் பானை. மேலே ஊற்றிக்கொண்டே இருக்கலாம், நிறையாது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

“வீட்டுக் குப்பையை மக்கவைத்தால் யூரியாவே வேண்டாம்” என்று மேடையில் முழங்குகிறவர்கள் இருக்கிறார்கள். கேட்க இனிக்கிறது. ஆனால் பாட்டாளி இனிப்பைப் பார்த்து ஏமாறக்கூடாது. கணக்கைப் பார்க்க வேண்டும்.

ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட அறிக்கை, இந்திய வீடுகளில் ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 55 கிலோ உணவு கழிவாகிறது என்கிறது. நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு 220 கிலோ; நாளொன்றுக்கு 600 கிராம். இதில் முக்கால் பங்கு நீர். மக்கி முடிந்தால் கால் பங்கு, அதாவது 55 கிலோ எரு கிடைக்கும். அந்த எருவில் தழைச்சத்து நூற்றுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் அரை கிலோவுக்குச் சற்று மேல். யூரியாவிலோ நூற்றுக்கு 46. ஆக, ஒரு குடும்பத்தின் ஓராண்டு உழைப்பு ஒன்றேகால் கிலோ யூரியாவுக்குச் சமம். ஓர் ஏக்கர் நெல்லுக்கு ஒரு போகத்துக்கு 50 முதல் 60 கிலோ தழைச்சத்து வேண்டும். நூறு குடும்பம் ஓராண்டு முழுவதும் மக்கவைத்தாலும் ஓர் ஏக்கரின் ஒரு போகத்துக்குச் சரிக்குச் சரி!

சென்னை மாநகரத்தையே எடுத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 5,000 டன்னுக்கு மேல் குப்பை சேர்கிறது. பாதி மக்கும் குப்பை என்றால் 2,500 டன். எருவாக்கினால் 625 டன். அதிலுள்ள தழைச்சத்து ஏறத்தாழ 13½ டன் யூரியாவுக்குச் சமம். முந்நூறு மூட்டை! நாட்டின் தேவையோ ஆண்டுக்கு முந்நூற்றைம்பது இலட்சம் டன்னுக்கு மேல்.

“அப்படியானால் இந்த வேலை எதற்கு?” என்று கேட்டுப் பத்திரிகையை மடித்துவிடாதீர்கள். கணக்கின் மறுபாதி இருக்கிறது.

எருவை யூரியாவோடு தழைச்சத்துக் கணக்கில் மட்டும் நிறுத்துவது, தாய்ப்பாலைச் சர்க்கரையோடு நிறுத்துவதைப் போன்றது. எரு மண்ணுக்கு உயிர். மண்புழுவுக்கும் நுண்ணுயிருக்கும் அதுவே உணவு. நீரைப் பிடித்துவைக்கும் பஞ்சு அது. போட்ட உரம் ஓடிவிடாமல் பிடித்துப் பயிருக்குக் கொடுக்கும் கையும் அதுவே. ஆகவேதான் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமே நெல்லுக்கு உர அளவைச் சொல்லும்போது, அடியுரமாக ஹெக்டேருக்கு 12½ டன் தொழு உரம் இடவேண்டும் என்கிறது. ஏக்கருக்கு 5 டன். இன்று மாடு எங்கே? உழவுக்கு டிராக்டர் வந்தது, தொழுவம் காலியானது. அந்த 5 டன்னுக்கு விவசாயி எங்கே போவான்? இப்போது பாருங்கள்: தொண்ணூறு குடும்பங்களின் ஓராண்டு எரு அந்த 5 டன்னை அப்படியே நிரப்பிவிடும்!

ஆக, உண்மை இதுதான். சமையலறை எரு யூரியாவை ஒழித்துவிடாது. ஆனால் யூரியாவின் தேவையைக் குறைக்கும். போட்ட யூரியாவை வீணாக்காமல் காக்கும். காலியான தொழுவத்தின் இடத்தை நிரப்பும். வீட்டுத் தோட்டத்துக்கும் மாடித் தோட்டத்துக்கும் பள்ளிக்கூடத்து மரக்கன்றுக்கும் வேறு உரமே வேண்டியதில்லை.

ஆணையிட்டால் மண் கேட்குமா?

கணக்குப் பாராமல் கோஷத்தை நம்பியவர்கள் கதியை நம் அண்டை நாட்டில் பார்த்தோம். 2021 ஏப்ரலில் இலங்கை ஜனாதிபதி கோத்தபய ராஜபக்ச, இரசாயன உர இறக்குமதிக்குத் தடை என்றார். மே மாதத்தில் தடை அமலுக்கு வந்தது. இயற்கை விவசாயம் என்ற நல்ல பெயரைச் சூட்டினார்கள். அந்நியச் செலாவணி தீர்ந்துகொண்டிருந்ததும் ஒரு காரணம். ஒரே இரவில் ஒரு நாட்டின் வயலுக்கெல்லாம் எரு எங்கிருந்து வரும்? குழி வெட்டவில்லை, கிடங்கு கட்டவில்லை, விவசாயியைக் கேட்கவில்லை. நெல் விளைச்சல் விழுந்தது. அரிசியை வெளியே வாங்க வேண்டிவந்தது. தேயிலை குறைந்தது. கொழுந்து குறைந்தால் கூலி குறையும் மலையகத் தமிழ்த் தொழிலாளியின் அடுப்பில் அந்த ஆணை போய் விழுந்தது. சீனாவிலிருந்து வந்த இயற்கை உரத்தில் தீய நுண்ணுயிர் இருக்கிறதென்று திருப்பியனுப்பிய சரக்குக்கும் 67 இலட்சம் டாலர் கொடுக்க நேர்ந்தது. நவம்பரில் தடையை விலக்கிக்கொண்டார்கள். அதற்குள் ஒரு போகம் போய்விட்டது.

இதிலிருந்து “எருவே வீண்” என்று பாடம் படிக்கிறவர்கள் உரக் கம்பெனியின் தரகர்கள். நாம் படிக்க வேண்டிய பாடம் வேறு. மண்ணை மீட்பது மேலிருந்து இடும் ஆணையால் நடக்காது; கீழிருந்து, தெருத் தெருவாக, ஆண்டுக்கணக்கில், மக்களைத் திரட்டிச் செய்ய வேண்டிய வேலை அது.

அப்படிச் செய்தவர்கள் உண்டு. சோவியத் யூனியன் 1991-இல் சிதறியபோது, கியூபாவுக்கு வந்துகொண்டிருந்த எண்ணெயும் உரமும் அநேகமாக நின்றுபோயின. அமெரிக்க முற்றுகை ஒருபுறம், பட்டினி ஒருபுறம். ஹவானா நகரத்துக் காலி மனைகளில் பாத்திகட்டி, மக்கு உரமும் மண்புழு உரமும் போட்டுக் காய்கறி விளைவித்தார்கள். அதனால் கியூபா உணவு இறக்குமதியிலிருந்து விடுபட்டுவிட்டது என்று சொல்லவில்லை, விடுபடவில்லை. ஆனால் தலைநகரத்தின் நடுவே கீரையும் தக்காளியும் விளையும் என்று உலகுக்குக் காட்டினார்கள்.

கேரளத்து ஆலப்புழை இன்னும் அருகில் இருக்கிறது. நகரத்துக் குப்பையை ஆண்டுக்கணக்கில் சுமந்த சர்வோதயபுரத்து மக்கள் ஒருநாள் பொறுமையிழந்து வண்டிகளை மறித்தார்கள். நகரம் நாறியது. அப்போது ஆலப்புழைச் சட்டமன்ற உறுப்பினராயிருந்த தோழர் தாமஸ் ஐசக்கும் நகராட்சியும் 2012-இல் ஓர் இயக்கம் தொடங்கினார்கள். வேறோர் ஊரைத் தேடிக் குப்பையைக் கொட்டுவதை விட்டு, வீட்டுக்கு வீடு குழாய் எருக்கலமும் சாண எரிவாயுக் கலம்போன்ற சிறு கலமும் கொடுத்தார்கள். இடமில்லாத வீட்டுக்காரர்களுக்காகத் தெருமுனைகளில் காற்றோட்டமுள்ள எருத்தொட்டிகளைக் கட்டினார்கள். 2017-இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் உலகில் முன்மாதிரியாக எடுத்துக்காட்டிய ஐந்து நகரங்களில் ஆலப்புழையும் ஒன்று.

மலை சரிந்தால் யார் தலையில்?

குப்பை மேடு எப்போதும் ஏழையின் வீட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். சென்னையில் கொடுங்கையூர், பெருங்குடி, கோவையில் வெள்ளலூர். பணக்காரன் வீட்டு விருந்தின் மிச்சமும் அங்கேதான் போகிறது. நாற்றம் மட்டும் நம் மக்களுக்கு! காற்றுப் புகாத குவியலுக்குள் சோறு அழுகினால் மீத்தேன் என்ற வாயு பிறக்கிறது. அது எரியும் வாயு. பெருங்குடி மேடு 2022 ஏப்ரலிலும், வெள்ளலூர் மேடு 2024 ஏப்ரலிலும் தீப்பற்றி நாள்கணக்கில் புகைந்தன. கொச்சியின் பிரம்மபுரம் 2023 மார்ச்சில் பன்னிரண்டு நாள் புகைந்தது. கொழும்பில் மீதொட்டமுல்லைக் குப்பை மலை 2017 ஏப்ரல் 14 அன்று, சித்திரைப் புத்தாண்டு நாளில், அடுத்திருந்த வீடுகளின்மேல் சரிந்தது. முப்பதுக்கு மேற்பட்டோர் புதைந்து மாண்டார்கள். கொன்றது மலையா? தினந்தோறும் வீசிய கைகளும், கேளாச் செவியோடிருந்த அதிகாரமும் அல்லவா?

இந்த மலையைக் கொளுத்தி மின்சாரம் எடுக்கிறோம் என்று ஒரு யோசனை வருகிறது. அதை எதிர்த்து 2025-இல் வடசென்னை மக்கள் கைகோத்து மனிதச் சங்கிலியாய் நின்றார்கள். அவர்கள் நின்றது நியாயம். முக்கால் பங்கு நீராயிருக்கும் சோற்றையும் தோலையும் கொளுத்துவது தண்ணீரைக் கொளுத்துவதல்லவா? மண்ணுக்குப் போக வேண்டிய சத்தைப் புகையாக்கி, அந்தப் புகையை மீண்டும் பாட்டாளியின் நுரையீரலுக்கே அனுப்புவது என்ன விஞ்ஞானம்?

அடுத்து, அந்தப் பையைப் பிரிக்கும் கை. அது யாருடைய கை? தலைமுறை தலைமுறையாக எந்தச் சாதியின் தலையில் இந்த வேலையைக் கட்டினார்கள் என்பது நமக்குத் தெரியும். அழுகிய சோற்றுக்குள் பிளேடு, சாம்பாருக்குள் ஊசி, குழந்தையின் அணையாடை, எல்லாம் ஒரே பையில். நாம் வீட்டில் இரண்டு நிமிடம் செலவிட்டுப் பிரிக்காததை, அந்தத் தாய் வெயிலில் நின்று கையால் பிரிக்கிறாள். 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்னால் தனியார்மயத்தை எதிர்த்து இரவும் பகலும் உட்கார்ந்திருந்த தூய்மைப் பணியாளர்களை 13-ஆம் தேதி நள்ளிரவில் போலீசைக் கொண்டு அப்புறப்படுத்தினார்கள். அவர்களுக்காக நாம் குரல் கொடுத்தோம். நல்லது. மறுநாள் காலையில் நம் வீட்டுப் பை எப்படி இருந்தது? ஒருமைப்பாடு மேடையில் மட்டும் இருந்தால் போதுமா? சமையலறையிலும் வேண்டாமா?

பிரிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கலந்த குப்பையில் செய்த நகர எருவில் கண்ணாடித் தூளும் பிளாஸ்டிக்கும் பேட்டரி நஞ்சும் கலக்கின்றன. சேற்றில் வெறுங்காலோடு இறங்கும் விவசாயத் தொழிலாளியின் பாதத்தை அது கிழிக்கும். 2016-இல் நகர எருவுக்கு டன்னுக்கு 1,500 ரூபாய் உதவித்தொகை என்று மத்திய அரசாங்கம் அறிவித்தும் விவசாயி தயங்கினான் என்றால், குறை விவசாயியிடம் இல்லை. எருவின் தரம் உரக்கிடங்கில் அமைவதல்ல. நம் அடுப்படியில் அமைகிறது.

செய்யும் முறை

இது கஷ்டமான வித்தை அல்ல. ஆங்கிலேயரான ஆல்பர்ட் ஹோவர்ட் 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்து எரு செய்யும் முறையை ஒழுங்குபடுத்தினார். இந்திய உழவனே தம் ஆசான் என்று ஒப்புக்கொண்டவர் அவர். தஞ்சையில் பிறந்த ஜே.சி. குமரப்பா கிராமப் பொருளாதாரத்தின் அடிப்படையாக இதைப் பேசினார். நம்மாழ்வார் 2013-இல் மறையும்வரை ஊர் ஊராக நடந்து இதைச் சொன்னார். இவர்கள் நம் கட்சிக்காரர்கள் அல்லர். ஆனால் நல்ல எருவுக்குக் கட்சி கிடையாது.

பழைய பெயிண்ட் வாளி மூன்று போதும். நன்றாகக் கழுவி, அடியிலும் பக்கங்களிலும் ஆணியைக் காய்ச்சித் துளையிடுங்கள். அடியில் ஒரு தட்டு வையுங்கள். வாளியில் முதலில் நான்கு விரற்கடை சருகு. அதன்மேல் அன்றைய காய்கறித் தோல், டீத்தூள், முட்டையோடு, மிச்சச் சோறு. பெரிதாயிருப்பதை நறுக்கிப் போடுங்கள். அதன்மேல் இரு மடங்கு சருகு. சருகு கிடைக்காவிட்டால் தென்னைநார்த் தூள், மரத்தூள், கிழித்த செய்தித்தாள் எதுவும் ஆகும். முதல் வாரத்தில் கொஞ்சம் சாணிக் கரைசல் அல்லது புளித்த மோர் தெளித்தால் வேலை விரைவாகத் தொடங்கும். வாரம் இருமுறை கிளறிவிடுங்கள். ஒரு வாளி நிறைந்தால் மூடிவைத்துவிட்டு அடுத்த வாளிக்குப் போங்கள். மூன்றாவது நிறையும்போது முதல் வாளியில் எரு தயார். நம் ஊர் வெயிலுக்கு இரண்டு மூன்று மாதம் போதும். கறுத்து, உதிரியாய், மழை பெய்த மண்வாசனை வந்தால் அதுவே எரு.

நாறுகிறதா? ஈரம் மிகுதி, காற்று குறைவு. சருகைச் சேர்த்துக் கிளறுங்கள். மக்கவே இல்லையா? காய்ந்துவிட்டது, தண்ணீர் தெளியுங்கள். கையில் பிடித்துப் பிழிந்தால் ஒரு சொட்டு வரலாம், ஒழுகக்கூடாது. அதுதான் பதம். வெள்ளைப் புழு கண்டால் அலறவேண்டாம். அவை உண்டு செரிக்கும் வேலையாட்கள். சருகைக் கூடுதலாகப் போட்டு மூடினால் குறைந்துவிடும். எண்ணெய்ப் பண்டம், மீன், இறைச்சி, எலும்பு ஆகியவற்றைச் சிறிய வாளியில் போடாதீர்கள். நாயும் எலியும் வரும். தேங்காய் ஓடும் மாங்கொட்டையும் எளிதில் மக்கமாட்டா.

“ஒற்றை அறையில் ஆறு பேர் இருக்கிறோம், வாளிக்கு இடமேது?” என்று கேட்கும் தோழருக்குச் சொல்கிறோம்: உங்களை வாளி வாங்கச் சொல்லவில்லை. அடுக்குக் குடியிருப்பில் ஒரு பிளாக்குக்கு ஒரு பொதுத் தொட்டி வேண்டுமென்று கேட்கச் சொல்கிறோம். கேட்டுக் கிடைக்காவிட்டால் போராடச் சொல்கிறோம்.

தொழிற்சங்கத் தோழருக்கு ஒரு சொல்

“வீட்டிலேயே குப்பை தீர்ந்துபோனால் குப்பை அள்ளுகிறவன் வேலை என்னாவது?” என்று சங்கத் தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கேட்காமலிருந்தால்தான் தவறு. நம் பதில் இது. எருவாக்குவது வேலையைக் கொல்வதில்லை. வேலையின் தரத்தை மாற்றுகிறது. தெருமுனைத் தொட்டியைக் கவனிக்க ஆள் வேண்டும். சலிக்க, சோதிக்க, மூட்டை கட்ட, விவசாயிக்குக் கொண்டுசேர்க்க ஆள் வேண்டும். அந்த வேலையை இன்றைய தூய்மைப் பணியாளருக்கே, நிரந்தரப் பணியாக, முழுச் சம்பளத்தோடு தரவேண்டும். தன்னார்வம் என்ற பெயரில் கூலியில்லா உழைப்பாக அதை மாற்ற விடக்கூடாது.

வேலை போகும் ஆபத்து இருக்கத்தான் செய்கிறது. அது எருத்தொட்டியிலிருந்து வரவில்லை, ஒப்பந்தக்காரனிடமிருந்து வருகிறது. டன்னுக்கு இவ்வளவு என்று குப்பைக்குப் பணம் கொடுக்கும் ஒப்பந்தம் எங்கெல்லாம் இருக்கிறதோ, அங்கெல்லாம் குப்பை குறைந்தால் கம்பெனிக்கு நஷ்டம், பெருத்தால் இலாபம். ஈரச் சோறு எடை கூடியது. எடைக்கு எடை பணம்! குப்பையைப் பிரிக்கச் சொன்ன விதிகள் 2000-ஆம் ஆண்டிலும் வந்தன, 2016-இலும் வந்தன. அவை ஏட்டிலேயே தூங்கியதற்கு இந்த இலாபமும் ஒரு தாலாட்டு.

எனவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. எடைக்குப் பணம் என்ற ஒப்பந்தம் ஒழியட்டும். வார்டுக்கு வார்டு எருக்கூடம் வரட்டும். கல்யாண மண்டபமும் பெரிய ஓட்டலும் தங்கள் மிச்சத்தைத் தங்கள் செலவில் எருவாக்கட்டும். தூய்மைப் பணியாளர் நிரந்தரமாகட்டும். தரம் பார்த்த எரு கூட்டுறவுச் சங்கம் மூலம் சிறு விவசாயிக்கு யூரியாவைப் போலவே மானிய விலையில் போகட்டும்.

கோரிக்கை வைப்பவன் தன் வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொண்டு கேட்டால் அந்தக் குரலுக்கு வலிமை அதிகம். நம் கிளை அலுவலகங்களில் ஒருநாளைக்கு எத்தனை கிளாஸ் டீ! ஒவ்வொரு மாநாட்டுச் சாப்பாட்டிலும் எத்தனை வாழையிலை! அவை எங்கே போகின்றன என்று அடுத்த கிளைக் கூட்டத்தில் ஒரு தோழர் எழுந்து கேட்கட்டும். அலுவலகக் கொல்லையில் ஒரு தொட்டி கட்டத் தீர்மானம் போடட்டும். போட்ட தீர்மானத்தை மூன்று மாதம் கழித்துக் கையில் எடுத்து முகர்ந்து பார்க்கலாம். அந்த வசதி நம் மற்றத் தீர்மானங்களுக்குக் கிடையாது!

வீட்டில் இதைப் பெண்கள் தலையில் கட்டிவிட்டு ஆண் தோழர்கள் சொற்பொழிவுக்குப் போய்விடக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறோம். வாளியைக் கிளற ஆண் கைக்கும் தெரியும்.

மண் உழுகிறவனுக்குச் சொந்தம் என்றோம். அந்த மண் உயிரோடு இருந்தால்தானே சொந்தத்துக்கு அர்த்தம்? நகரத்துப் பாட்டாளி கிராமத்து உழவனுக்கு அனுப்பக்கூடிய பரிசு ஒன்று அவன் அடுப்படியிலேயே இருக்கிறது. அதைக் குப்பையென்று எறிவதா, எருவென்று அனுப்புவதா? இந்த வாரமே ஒவ்வொரு கிளையும் முடிவு செய்யட்டும்.